‘உமது ஆட்சி வருக’: கடவுளை அரசராக அறிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாள்களில்தான் கிறிஸ்து அரசர் பெருவிழா வரும். நவம்பர் 20க்கும் 26க்கும் இடையில் வரும் ஞாயிறு அது. கெடிலத்தில் தண்ணீர் கலங்கி ஓடும், தெருவில் கரண்ட் இருக்காது, கோயிலுக்கு வருகிறவர்கள் குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு ஈரக் காலோடு உள்ளே வருவார்கள். ராஜாவே, ராஜாதி ராஜாவே என்று பாடுவோம். பூசை முடிந்ததும் அடுத்த மழைக்குள் வீட்டுக்குப் போய்விடுவோம்.

பதினெட்டு வருடமாக மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். பங்கில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டங்களிலும் விவிலியம் வாசிக்கிறோம். இதில் நான் கண்டது ஒன்று உண்டு. நமக்குத் தெரிந்த ராஜாவை எடுத்து, அவரையே இன்னும் பெரிதாக்கி, வானத்தில் உட்காரவைத்து அதைக் கடவுள் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். விவிலியம் காட்டும் அரசர் யார் என்பது சிலுவையின் உச்சியில் ஆணியடித்த பலகையில்தான் தெளிவாகிறது. அங்கே போய்ச் சேருவதற்குள் மனத்திலிருக்கும் பழைய ராஜாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்தப் படிகள்.

வாரத்துக்கு ஒன்று என்று அக்டோபர் நடுவில் தொடங்கினால் பெருவிழாவுக்குள் ஆறும் முடியும். ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். விவிலியம் மட்டும் இரண்டு மொழிபெயர்ப்பு இருந்தால் நல்லது: சீர்திருத்தச் சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஒன்று. கடலூரில் கத்தோலிக்கரும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறோம், கேட்டால் கொடுப்பார்கள். தனியாகவும் செய்யலாம். நாலு பேர் கூடிச் செய்தால் இன்னும் நல்லது.

முதல் படி: உங்கள் மனத்திலிருக்கும் ராஜாவை எழுதுங்கள்

விவிலியத்தைத் திறக்காதீர்கள். ‘ராஜா’ என்றதும் என்ன தெரிகிறது என்று நோட்டில் பத்து வரி எழுதுங்கள்.

பிள்ளைகளிடம் கேட்டால் கிரீடம், வாள், குதிரை என்பார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெருக்கூத்து ராஜா. கட்டியக்காரன் வந்து பராக்கு சொல்வான், திரை விலகும், புஜகீர்த்தியும் கிரீடமும் மின்ன ராஜா சுற்றி ஆடி வந்து தன் பெருமையைத் தானே பாடுவார். அழகான காட்சிதான். ஆனால் அந்தக் கிரீடத்தை அப்படியே கொண்டுபோய்க் கடவுள் தலையில் வைத்துவிடுகிறோம்.

இன்னொரு படமும் இருக்கிறது, அதை யாரும் முதலில் எழுத மாட்டார்கள். என் அம்மா விதவை உதவித்தொகைக்காக ஒரு அலுவலகத்துக்கு மனுவோடு நடந்தார். மூன்று முறையும் ‘நாளைக்கு வாம்மா’ என்றார்கள். நாலாவது முறை தெரிந்தவர் ஒருவர் கூட வந்தபோது ஐந்து நிமிடத்தில் கையெழுத்து ஆனது. அதற்கு அப்புறம் அம்மா செபிக்கும்போதுகூட யாரைப் பிடித்தால் கடவுளிடம் காரியம் ஆகும் என்ற மாதிரியே பேசுவார். ஆட்சி என்றால் அவருக்குத் தெரிந்தது அந்த வாசல்தான்.

உங்கள் பத்து வரியில் அந்த வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கடைசி வாரம் வரை அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: சொற்களைத் தட்டிப் பாருங்கள்

தமிழில் நாம் தினமும் சொல்லும் சொற்களே இந்தப் பாடத்தைப் பாதி நடத்திவிடும். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. இரண்டும் சேர்ந்துதான் கோயில். பழைய தமிழில் அரண்மனைக்கும் அதே பெயர்தான். இறை என்ற சொல் கடவுளையும் குறிக்கும், அரசனையும் குறிக்கும், அரசனுக்குக் கட்டும் வரியையும் குறிக்கும். திருக்குறளில் அரசனைப் பற்றிய அதிகாரத்துக்கு இறைமாட்சி என்று பெயர். ஆண்டவர் என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அதுவும் ஆளுதல் என்பதிலிருந்து வந்ததுதான்.

புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருஇருதய ஆண்டவர் ஆலயம் 2011இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. பசிலெயுஸ் என்றால் கிரேக்கத்தில் அரசர், பசிலிக்கா என்றால் அரச மண்டபம். ஊர்க்காரர் ‘கோயில்’ என்றாலும் ரோமையிலிருந்து வந்த பட்டம் ‘பசிலிக்கா’ என்றாலும் பொருள் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

இப்போது முக்கியமான சொல்லுக்கு வருவோம். இயேசு கற்பித்த செபத்தில் ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்று செபிக்கிறவர்கள் உண்டு. ‘உமது ஆட்சி வருக’ என்று செபிக்கிறவர்களும் உண்டு. எபிரேயத்தில் மல்கூத், கிரேக்கத்தில் பசிலேயா. இரண்டுக்குமே அரசர் ஆளுகிறார் என்ற செயல்தான் முதற்பொருள், எல்லைக்கல் நட்ட நாடு என்பது அப்புறம்தான். ராஜ்யம் என்றதும் நாம் செத்தபின் போய்ச் சேரும் ஊர் ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். ஆட்சி என்றால் அது இங்கே, இந்தத் தெருவில் நடக்க வேண்டிய ஒன்று. நோட்டில் இரண்டு வரியையும் எழுதி, ஒரு வாரம் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றதையும் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஓர் அரசன் எடுத்துக்கொள்வதை எண்ணுங்கள்

1 சாமுவேல் 8ஆம் அதிகாரம். மற்ற நாடுகளுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று இஸ்ரயேல் மக்கள் கேட்கிறார்கள். இறைவாக்கினர் சாமுவேலுக்கு மனம் கசக்கிறது. கடவுள் அவரிடம் சொல்வது பழைய மொழிபெயர்ப்பில் இப்படி இருக்கிறது: ‘அவர்கள் உன்னைத் தள்ளவில்லை, நான் அவர்களை ஆளாதபடிக்கு, என்னைத்தான் தள்ளினார்கள்.’

11 முதல் 17 வரையுள்ள வசனங்களைப் பென்சிலோடு வாசியுங்கள். எடுப்பான், வாங்குவான், எடுத்துக்கொள்வான் என்று வரும் இடத்திலெல்லாம் கோடு போடுங்கள். மகன்களைத் தேருக்கு எடுப்பான். மகள்களைச் சமைக்க எடுப்பான். நல்ல வயல், திராட்சைத் தோட்டம், ஒலிவத் தோப்பு, விளைச்சலில் பத்தில் ஒன்று, ஆட்டில் பத்தில் ஒன்று. கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமை. பக்கம் முழுக்கக் கோடாக நிற்கும்.

எதிர்ப்பக்கத்தில் இந்த மக்களுக்குக் கடவுள் அரசராக இருந்து கொடுத்தவற்றை எழுதுங்கள். பாலைநிலத்தில் மன்னா, பாறையிலிருந்து தண்ணீர். ஓய்வுநாளை விட்டுவிடாதீர்கள். பார்வோன் செங்கல் கணக்கு கேட்டானே தவிர ஒரு நாள்கூட லீவு விடவில்லை. இந்த அரசரின் சட்டத்தில் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும்கூட ஓய்வு உண்டு, இணைச்சட்டம் (பழைய மொழிபெயர்ப்பில் உபாகமம்) 5:14இல் பாருங்கள். சட்டம் போடும்போதே உழைக்கிறவனின் முதுகுவலி தெரிந்து போடுகிறவர் இவர்.

அரசனே கூடாது என்று விவிலியம் சொல்லவில்லை. இணைச்சட்டம் 17இல் அரசனுக்கு விதி இருக்கிறது: குதிரைகளைப் பெருக்காதே, மனைவியரைப் பெருக்காதே, பொன்னையும் வெள்ளியையும் குவிக்காதே, திருச்சட்டத்தைப் பிரதி எடுத்து வாழ்நாளெல்லாம் வாசி. மண்ணில் ஆளுகிறவனுக்கு மேலே ஒருவர் உண்டு என்பதுதான் அதன் சாரம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். 1674இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். 1693இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். திரும்பப் பிரெஞ்சு. 1761இல் ஆங்கிலேயர் நகரத்தை இடித்தே தள்ளினார்கள், அதில் சம்பா கோயில் என்று ஊர் சொல்லும் மாதா ஆலயமும் போனது. இன்று மிஷன் வீதியில் நிற்கும் ஜென்மராக்கினி மாதா ஆலயம் அதற்குப் பதிலாகப் பிறகு எழுப்பி 1791இல் முடித்தது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி உறுதியானது. ஒரே கடற்கரையில் எத்தனை கொடி ஏறி இறங்கியிருக்கிறது! ‘அவருடைய ஆட்சிக்கு முடிவே இராது’ என்று வானதூதர் மரியாவிடம் சொன்னதை அந்தக் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டு நினைத்துப் பாருங்கள்.

நான்காம் படி: கடலின் இரைச்சலோடு திருப்பாடல்களை வாசியுங்கள்

இந்தப் படிக்கு இரண்டு வாரம் எடுத்தாலும் தவறில்லை.

திருப்பாடல்கள் (பழைய மொழிபெயர்ப்பில் சங்கீதங்கள்) 93, 96, 97, 98, 99 ஆகியவை ஆண்டவரை அரசராகப் பாடுகிறவை. 29ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒன்று, வாய்விட்டு வாசியுங்கள். 97இல் ‘நீதியும் நியாயமும் அவருடைய சிங்காசனத்தின் ஆதாரம்’ என்று வரும். தங்கமும் தந்தமும் வைத்த சிங்காசனம் இல்லை இது, அதன் கால்களே நீதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

93ஆம் பாடல் கடலோரத்து மக்களுக்குக் கனமானது. ‘திரளான தண்ணீர்களின் இரைச்சலைப்பார்க்கிலும், சமுத்திரத்தின் வலுமையான அலைகளைப்பார்க்கிலும், கர்த்தர் உன்னதத்திலே வல்லமையுள்ளவர்.’ 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் கடலூர்க் கரையில் இந்த வரியை எப்படி வாசிப்பது? கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் காலை அது.

மீனவக் குப்பம் ஒன்றில் நடந்த அன்பியக் கூட்டத்தில் இந்தப் பாடல் முறைப்படி வந்துவிட்டது. மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே வாசித்தேன். முடித்ததும் யாரும் பேசவில்லை. மீன் விற்கும் பாட்டி ஒருவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: “அந்த இரைச்சலை நான் கேட்டவம்மா. சாமி பெருசு, அலை சின்னதுன்னு எல்லாரும் வந்து சொல்லிட்டுப் போனாங்க. இதுல இரைச்சல் பெருசுன்னு எழுதியிருக்குல்ல, அது போதும்.”

அன்று நான் கற்றுக்கொண்டதைத்தான் இப்போது கற்பிக்கிறேன். இந்தப் பாடல்கள் கடலைச் சிறியதாக்கிக் காட்டுவதில்லை. மூன்று முறை வெள்ளம் எழும்பிற்று என்று சொல்லிவிட்டுத்தான் அரசரின் பெயரைச் சொல்கின்றன. ஏன் அந்த அலையை விட்டார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, இருப்பதுபோல் பேசுகிறவர்களை நம்பவும் வேண்டாம். எபிரேயர் திருமுகமே 2:8இல், எல்லாம் அவருக்கு அடங்கியிருப்பதை இன்னும் நாம் காணவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. முழுதாக வந்துவிட்ட ஆட்சியை யாரும் ‘வருக’ என்று கேட்க மாட்டார்கள்.

அதனால் அதே வாரத்தில் 44ஆம் பாடலையும் வாசியுங்கள். ‘தேவனே, நீர் என் ராஜா’ என்று நாலாம் வசனத்தில் சொன்ன அதே வாய், 23ஆம் வசனத்தில் ‘ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?’ என்று கேட்கிறது. ராஜாவிடம் இப்படிப் பேசலாமா? தமிழனுக்கு இதில் தயக்கம் வரக் கூடாது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை இழுத்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வள்ளுவர் இன்னும் நேராகச் சொல்கிறார்:

செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்
கவிகைக்கீழ்த் தங்கும் உலகு.

காது கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்கிற அரசனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும். 44ஆம் பாடல் கடவுளின் காதைக் கசக்க வைக்கிற பாடல், அதை அவரே தம் புத்தகத்தில் வைத்திருக்கிறார். உங்கள் மணியையும் இழுங்கள். கேட்க வேண்டியதை நோட்டில் எழுதுங்கள், அலங்காரம் வேண்டாம். இந்த வாசலில் சிபாரிசுக்கு ஆள் தேட வேண்டியதில்லை என்று அம்மாவுக்குச் சொல்ல எனக்கு இந்தப் பாடல்தான் கைகொடுத்தது.

ஐந்தாம் படி: நாணற்கோலையும் பலகையையும் பாருங்கள்

யோவான் 6:15இல் தொடங்குங்கள். அப்பம் தின்று வயிறு நிறைந்த கூட்டம் இயேசுவைப் பிடித்து ராஜாவாக்கப் பார்க்கிறது. அவர் தனியாக மலைக்கு ஏறிவிடுகிறார். அப்புறம் குருத்தோலை ஞாயிறு: குதிரைக்குப் பதில் கழுதை, செக்கரியா 9:9 சொன்ன அதே கழுதை. அப்புறம் 13ஆம் அதிகாரம், துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவுகிறார். தினமும் வெறுங்காலோடு மண்ணில் நடக்கிறவர்களுக்கு அந்தக் கால் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

இனி மெதுவாக. மத்தேயு 27:29. முள்முடி, சிவப்பு அங்கி, வலது கையில் ஒரு கோல். கேலிக்குக் கொடுத்த நாணல்தான். பழைய மொழிபெயர்ப்பு அதைக் ‘கோல்’ என்றே போட்டிருக்கிறது. தமிழில் கோல் என்றாலே ஆட்சி, வளையாவிட்டால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். அடுத்த வசனத்தில் வீரர்கள் அந்தக் கோலையே பிடுங்கி அவர் தலையில் அடிக்கிறார்கள். திருப்பி அடிக்கவில்லை.

வேலன்று வென்றி தருவது மன்னவன்
கோலதூஉங் கோடா தெனின்.

இந்தக் குறளைச் சிலுவைப்பாதையின்போது நினைத்துக்கொள்வேன். வேல் அங்கே படைவீரன் கையில் இருந்தது, அவர் விலாவில் இறங்கியது. கோடாமல் நின்ற கோல் அவருடையது.

‘நீ யூதரின் அரசனா?’ என்று ரோமை ஆளுநர் பிலாத்து கேட்கும் கேள்வி யோவான் 18இல். பழைய மொழிபெயர்ப்பில் பதில், ‘என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல.’ திருவிவிலியத்தில், ‘எனது ஆட்சி இவ்வுலக ஆட்சி போன்றது அல்ல.’ முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, சாமிக்கும் நம் ஊர்ப் பிரச்சினைக்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து வாசித்தால் அந்த ஓட்டை அடைபடும். இந்த ஆட்சி உலகத்திலிருந்து பிறந்ததில்லை, ஆனால் உலகத்துக்குள் நடக்கிறது. அந்த வசனத்திலேயே வேறுபாடு எது என்றும் இருக்கிறது: அப்படி இருந்தால் என் காவலர் சண்டை போட்டிருப்பார்களே என்கிறார்.

கடைசியாகப் பலகை. எபிரேயம், லத்தீன், கிரேக்கம் என மூன்று மொழியில் எழுதிய குற்றச்சாட்டு அது. நம் வீட்டுப் பாடுபட்ட சுரூபத்தில், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தில், ஐ.என்.ஆர்.ஐ. என்று நாலு எழுத்து இருக்கும். ‘நாசரேத்து இயேசு யூதர்களின் அரசர்’ என்பதன் லத்தீன் முதலெழுத்துகள் அவை. சுவரிலிருந்து சுரூபத்தை இறக்கி, தூசி தட்டி, கையில் வைத்துக்கொண்டு அந்த நாலு எழுத்தைப் பாருங்கள். வகுப்பில் இதைச் செய்யச் சொன்னபோது ஒரு பையன், “டீச்சர், இத்தனை நாளா அது கம்பெனி பேருன்னு நினைச்சேன்” என்றான். உண்மையாகச் சொன்னான். அன்றிலிருந்து அவன் வீட்டில் மாலை செபத்தில் அந்த நாலு எழுத்தை விரித்துச் சொல்கிறார்கள்.

அந்தப் பலகையை நம்பிய முதல் ஆள் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய குற்றவாளி. ‘ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்.’ நினைத்துக்கொள்ளும் என்பது மட்டும்தான் அவன் மனு. அன்றைக்கே கையெழுத்தானது.

ஆறாம் படி: குடியாக நடந்து பாருங்கள்

மத்தேயு 25இல் அரசர் ஆடு மேய்க்கிறவனைப் போலச் செம்மறியை வலப்பக்கமும் வெள்ளாட்டை இடப்பக்கமும் பிரிக்கிறார். பசித்தவன், தாகித்தவன், அந்நியன், உடையில்லாதவன், நோயாளி, சிறையிலிருப்பவன் என்று ஆறு பேர். அரசரைத் தரிசிக்க இந்த ஆறு வாசல்தான். இந்த வாரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கடலூரில் மத்தியச் சிறையும் இருக்கிறது, அரசு மருத்துவமனையும் இருக்கிறது, வேலை தேடி வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

‘நாம் ராஜாவின் பிள்ளைகள், ஆகவே வீடும் காரும் நம் உரிமை’ என்று பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு வேதனையாக இருக்கிறது. முள்முடி சூடியவரின் பிள்ளைக்கு என்ன உரிமை என்பதை மாற்கு 10:42 முதல் 45 வரை வாசித்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் ஒரு காலத்தில் சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் மறுபக்கம். ஒதுக்கப்பட்டவர்கள் போய் முறையிட, 1745இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டதை அந்தக் காலத்துப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சுவர் போனதே தவிரப் பிரிவினை அதோடு தீரவில்லை. கோவின் இல்லத்துக்குள் சுவர் வைத்தவர்களும் ‘அரசரே’ என்றுதான் செபித்திருப்பார்கள். உங்கள் பங்கில், கல்லறைத் தோட்டத்தில், தேர் போகும் தெருவில் அப்படியொரு சுவர் மிச்சமிருக்கிறதா? நோட்டில் எழுதுங்கள். கூட்டத்தில் வாய்விட்டுப் பேசுங்கள். இதைச் செய்யாமல் ஆறாம் படி முடியாது.

மண்ணில் ஆளுகிறவர்களிடம் எப்படி நடப்பது என்பதற்கு 1 பேதுரு 2:17 போதும்: தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள். மரியாதை ஆட்சியாளருக்கு, பயம் கடவுளுக்கு மட்டும். தானியேல் 3இல் மூன்று இளைஞர்கள் பாபிலோன் அரசன் நெபுகத்நேசரின் சிலைக்கு முன் பணியாமல் நின்றதும் இதனால்தான். நம் ஊருக்கு இது அந்நியமான கதை இல்லை. பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்த அப்பர் கரையேறியது திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம்தான் என்று சைவப் பெரியவர்கள் சொல்வார்கள். கரையேறவிட்டகுப்பம் என்று ஊரே இருக்கிறது.

பெருவிழா நாளன்று

இந்த விழாவை 1925 டிசம்பர் 11இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் ஏற்படுத்தினார். முதல் உலகப் போரில் ரஷ்ய, ஜெர்மானிய, ஆஸ்திரிய, துருக்கிய அரசுகள் விழுந்து, அந்த இடத்தில் சர்வாதிகாரிகள் தலைதூக்கிய நேரம். முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு, 1969 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் வழிபாட்டு ஆண்டின் இறுதி ஞாயிறு.

பூசைக்குக் கொஞ்சம் முன்னாடியே போய், முதல் வாரம் எழுதிய பக்கத்தை எடுங்கள். எது இன்னும் நிற்கிறதோ அதை விட்டுவிட்டு மற்றதை அடியுங்கள். அப்புறம் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ வரும்போது, ‘உமது ஆட்சி வருக’ என்ற வரிக்குப் பின் ஒரு மூச்சு நிறுத்துங்கள். கூட்டம் முந்திக்கொண்டு போகட்டும். அன்றாட உணவு கேட்கும் வரி வருவதற்குள் சேர்ந்துகொள்ளலாம்.